கருவாடு முகம் வைத்தது

எங்கள் நாயின் கழுத்தில் ஒரு முகம் முளைக்கப்போகிறது என்று தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான்தான். சொன்னதோடு நிற்கவில்லை. பார்க்க வருகிறவர்களை வரிசையில் நிறுத்துவது, முந்துகிறவன் காதைத் திருகுவது, நாயின் கழுத்துத் துணியை விலக்கிக் காட்டி மறுபடி மூடி வைப்பது என்று அந்த உத்தியோகம் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன். பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். அவ்வளவு மரியாதையான உத்தியோகம் இன்னொன்று எனக்கு அமையவில்லை.

ஹேவாஹெட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டம். தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். மலைக்கு வேலைக்குப் போனாலும் பாதி நாள் அரைப்பேர்தான் விழும், அதாவது பாதிக் கூலி. வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா. அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும், அம்மாவின் தம்பியான மாமா தேயிலைச் செடி வெட்டும் தன் கவ்வாத்துக் கத்தியையும் பாயையும் சுருட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிட்டார். ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரு ஆண் கூலி, ஒரு பெண் கூலி. அவர் வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததில்லை. யோசிக்கிற வேலை அம்மாவுடையது.

நாயின் பெயர் கருவாடு. குட்டியாக இருந்தபோது உறியில் இருந்த கருவாட்டை இழுத்துத் தின்றுவிட்டு, அடி வாங்கிய பிறகும் உறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் வந்த பெயர். மாமாவுக்கு அது உயிர். வேலை முடிந்த பின்னேரங்களில் அதைக் கூட்டிக்கொண்டு முயல் பிடிக்கப் போவார். போகுமுன் மலைத் தண்ணீர் விழும் பீலியில் முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் தடவி, வகிடெடுத்துச் சீவிக்கொள்வார். முயல் பிடிப்பதற்கு இவ்வளவு ஆயத்தம் தேவை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒரு முயலும் வந்ததில்லை. ஆனால் வெறுங்கையோடு வருகிற மனிதர் பாடிக்கொண்டு வருவார்.

ஒருநாள் பாட்டில்லாமல் வந்தார். கருவாட்டின் கழுத்தில் இரத்தம் ஒழுகியது.

"முள்ளு கிழிச்சிருச்சுக்கா" என்றார் மாமா.

அம்மா விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இந்தப் பக்கத்து முள்ளுக்கெல்லாம் பல்லு மொளைச்சிருக்கா?" என்றாள்.

மாமா நாயை மடியில் இழுத்துக்கொண்டார். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசினார். காயமும் சீக்கிரமே மூடிக்கொண்டது. மேலே மயிரும் படிந்துவிட்டது. தேடிப் பார்த்தாலும் வடு தெரியாது. நாங்களும் மறந்துபோனோம்.

அதன் பிறகுதான் வெறிநாய் வந்தது. கீழேயிருந்த சிங்களக் கிராமத்திலிருந்து ஏறி வந்து, தேயிலை அரைக்கிற ஸ்டோரின் காவல்காரருடைய நாயைக் கடித்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது. காவல்காரரின் நாயைத் தோட்டத்துத் துரை ஸ்டோர் வாசலிலேயே சுட்டார். நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் நின்று பார்த்தோம். அன்று மாலையே தப்படித்துச் சொன்னார்கள். நாய் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் கட்டி வைக்க வேண்டும். கடிபட்ட அடையாளம் உள்ள நாய் எதுவானாலும் துரை சுடுவார். நாங்கள் கருவாட்டைக் கட்டி வைத்தோம். அதன் தோலில்தான் அடையாளமே இல்லையே.

அடையாளத்தைக் கண்டுபிடித்தவன் நான்தான். ஒரு காலையில் கழுத்தைக் கட்டிப் பிடித்தபோது கைக்குள் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒன்று அகப்பட்டது. தொட்டால் சுட்டது. கருவாடு என்னைப் பார்த்து உறுமியது, முதல் தடவையாக. அடுத்த நாள் அது கொய்யாக்காய் அளவாயிற்று. பிறகு மாங்காய். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, காய்ந்த மீன் தோலைப் போட்டாலும் மோந்து பார்க்காமல் நாய் கிடந்தது. மூடிய காயத்தின் மேலேயே, இதோ இருக்கிறது பார் என்று சொல்வதுபோல் அந்த வீக்கம் எழுந்து நின்றது.

லயத்தில் எதை மறைக்க முடியும்? கணக்கப்பிள்ளை வந்து பார்த்தார். குடையின் நுனியால் வீக்கத்தைத் தொட்டார். "ஞாயித்துக்கெழம தொரை வருவாரு. நாய வெளிய கட்டி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பீலியில் பெண்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏன்டி, ஒங்க கருவாட்ட ஞாயித்துக்கெழம சுடப்போறாங்களாமே? கஞ்சி வச்சுட்டு வரட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரிக்கத்தான் செய்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒன் மாமன டாக்டரையாகிட்ட போகச் சொல்லு" என்று என்னிடம் சொன்னாள்.

டாக்டரையா என்று நாங்கள் சொன்னது தோட்டத்து மருந்துச்சாலைக்காரரை. யாழ்ப்பாணத்து மனிதர். காற்சட்டையும் கண்ணாடியும் போட்டு, சுருட்டு மணக்க இருப்பார். மாமா நாயைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே போக, நான் பின்னால் ஓடினேன்.

"இதென்ன, நாயையோ தூக்கிக்கொண்டு வந்தனி? நான் ஆக்களுக்கு மருந்து குடுக்கிறனான், தெரியுமோ?" என்றார் டாக்டரையா.

"ஒங்களத் தவிர யாருங்கய்யா இருக்கா?" என்றார் மாமா.

டாக்டரையா வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் குனிந்து இரண்டு விரலால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார். கருவாடு கத்தியது.

"ஓம், ஓம். மேலால ஆறிப்போச்சு, அதாலதான் கரைச்சல். பல்லுக் காயத்துக்கு வாய் சின்னன், வயிறு பெரிசு. தோல் மூடியிட்டுது, ஊத்தை உள்ளுக்கை நிண்டு சீழ் பிடிச்சிட்டுது. இப்ப வெட்டேலாது, கல்லு மாதிரிக் கிடக்கு. மாவைக் களி கிண்டிச் சூடாப் பத்துப் போடு. முகம் வைக்கட்டும், பிறகு பாப்பம்."

முகம் வைக்கட்டும். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதல் கேட்டேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

டாக்டரையா கை கழுவிக்கொண்டே கேட்டார். "ஆரின்ரை நாய் கடிச்சது? கடிச்ச நாய் இன்னும் சுகமாத் திரியுதெண்டால், இது விசர் நாய்க்கடி இல்லை. அந்த நாயைக் காட்டினால் துரையிட்டை நானே கதைப்பன். காட்டாட்டில் என்னால ஒண்டும் ஏலாது."

"தெரியாதுங்கய்யா" என்றார் மாமா.

"தெரியாதோ, சொல்லமாட்டியோ?"

"தெரியாதுங்க."

திரும்பி வருகிற வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. "மாமா, மொகம் வைக்கும்னா என்னா மொகம் வைக்கும்?"

"வைக்கும்டா. எல்லாக் கட்டியும் கடைசியில மொகம் வைக்கத்தான் செய்யும்" என்றார். அவர் கண் வேறெங்கோ இருந்தது.

"யாரு மொகம்?"

அவர் நாயைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். எனக்கு அவருடைய பதில் தேவைப்படவில்லை. கட்டிக்குள் ஒரு முகம் வளர்ந்துகொண்டிருக்கிறது, கடித்தது யார் என்று தெரிந்தால் நாய் பிழைக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை. கடித்த நாயின் முகம்தான் அங்கே வரப்போகிறது! பல்லை உள்ளே விட்டது அதுதானே, அதனுடைய முகம் வராமல் வேறு யாருடைய முகம் வரும்? ஞாயிற்றுக்கிழமைக்குள் அது வந்துவிட்டால், துரையின் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

வீட்டில் அம்மா, "மனுசனுக்கு ரொட்டி தட்டவே மாவு இல்ல, நாய்க்குக் களியா?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே, இருந்த மாவையெல்லாம் கொட்டிக் கிண்டினாள். அன்று ரொட்டி இல்லை. வெறும் தேயிலைச் சாயத்தண்ணீரைக் குடித்துவிட்டு நான் வெளியே பாய்ந்தேன். சொல்லவேண்டிய வீடுகள் நிறைய இருந்தன.

அந்த வாரம் எங்கள் காம்பராவுக்கு வந்த கூட்டம் மாரியம்மன் கோயிலுக்குக்கூட வந்திருக்காது. பிள்ளைகள் வேலையை விட்டு வந்தார்கள், அடி வாங்கிக்கொண்டு வந்தார்கள். யார் முகமாக இருக்கும் என்று ஒரே சண்டை. ரொட்டிக் கூடைக்காரரின் பின்னால் வருகிற சொறிநாய் என்றான் ஒருவன். இன்னொருவன், துரை பங்களாவிலிருக்கும் மூக்கு உள்ளே போன சீமை நாய்தான் என்று சத்தியம் செய்தான். வீக்கம் சப்பையாக இருக்கிறதே, அதுதான் சாட்சியாம். துரையே தன் நாயின் முகத்தைப் பார்த்துத் தலைகுனியப்போகிறார் என்று நினைத்து நாங்கள் உருண்டு சிரித்தோம். ஒரு பெண் தனக்குக் காது தெரிகிறது என்றாள். எல்லாரும் பார்த்தோம். எல்லாருக்கும் தெரிந்தது.

பெரியவர்களிடமும் சொன்னேன். அவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், யாரும் திருத்தவில்லை. வேலை குறைந்த காலத்தில் சிரிப்பை யார் வீணாக்குவார்கள்?

சனிக்கிழமை அம்மா என்னை, தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்க்கிற பெரிய கங்காணி வீட்டுக்கு மோர் வாங்க அனுப்பினாள். லயங்களுக்கு மேலே, ஓடைக்கு அந்தப் பக்கம், மாடும் பூந்தொட்டியுமாக இருந்த தகர வீடு. அவர்களிடமும் ஒரு நாய் இருந்தது. செவலை நிறம், நல்ல கொழுப்பு, அந்நியர் காலடி கேட்டாலே சங்கிலியை அறுக்கப் பார்க்கும். அன்றைக்கு என்னை மோந்து பார்த்துவிட்டு வாலாட்டியது. மாமாவின் பழைய பனியனை நான் போட்டிருந்தேன். என் புகழ் நாய்கள்வரை எட்டிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

கங்காணியின் மகள் மோர் ஊற்ற வந்தாள். புசல்லாவையில் ஒரு கங்காணி வீட்டுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள், தையில் கலியாணம். சும்மா இருந்தாலே சிரித்த முகம். அன்று சிரிக்கவில்லை.

"ஒங்க நாயி எப்படிடா இருக்கு?"

"மொகம் வைக்கப்போவுதுக்கா. நாளைக்கு எல்லாரு முன்னாலயும் தெரிஞ்சிரும்."

மோர்ச் செம்பு அவள் கையில் அப்படியே நின்றது. "என்னாடா தெரிஞ்சிரும்?"

"கடிச்சது யாருன்னு."

"யாரு சொன்னா? ஒங்க மாமாவா?"

"மாமா தெரியாதுன்னுட்டாரு. டாக்டரையா கேட்டதுக்கும் தெரியாதுன்னுட்டாரு."

"அப்படியா சொன்னாங்க?" என்றாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு, "தெரியாட்டி என்னா செய்வாங்க?" என்று கேட்டாள்.

"சுட்டுருவாங்க. காவக்காரரு நாய சுட்டாங்கள்ல, அது மாதிரி. மாமா ராத்திரியெல்லாம் அது பக்கத்துலயே ஒக்காந்திருக்காரு, சோறு கூட திங்கல."

அவள் உள்ளே போய் ஒரு பெரிய வெல்லக்கட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். இத்தனை நல்ல செய்தி கொண்டுவந்தவனுக்கு அது நியாயமான சன்மானம்தான் என்று தின்றுகொண்டே இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. லயத்து வாசலில் இருந்த கொய்யா மரத்தில் கருவாட்டைக் கட்டியிருந்தோம். மாமா அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். துரை வந்தார். பின்னால் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு பங்களாவின் ஆள், தலைப்பாகையும் கோட்டுமாகப் பெரிய கங்காணி, குடையோடு கணக்கப்பிள்ளை, பையோடு டாக்டரையா. எனக்கு மட்டும் கால் தரையில் நிற்கவில்லை. பிள்ளைகளை எல்லாம் முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டேன்.

துரை தமிழ் பேசுவார். எல்லாரையும் நீ என்றுதான் பேசுவார். "எந்த நாய் கடிச்சது? எனக்கு அது தெரியணும்" என்றார்.

மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லு."

"தெரியாதுங்க தொரை."

துரை துப்பாக்கிக்குக் கையை நீட்டினார். நான் நடுவில் பாய்ந்தேன். "பொறுங்க தொரை! மொகம் வச்சா தானா தெரிஞ்சிரும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. துரைக்கு விளங்கவில்லை. டாக்டரையா முன்னுக்கு வந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பிறகு குனிந்து துணியை அவிழ்த்து, மாவுப் பத்தைத் துடைத்துப் பார்த்தார். "ஓம். முகம் வச்சிட்டுது" என்றார்.

நான் அவர் கைக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்தேன். மயிர் உதிர்ந்த இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு மஞ்சள் புள்ளி.

"இதா? கண்ணு எங்க? மூக்கு எங்க?"

"தள்ளி நில்லடா. இதுதான் முகம்" என்று சொல்லிக்கொண்டே டாக்டரையா சின்னக் கத்தியை வைத்தார். வைத்ததுதான் தெரியும். வந்தது பாருங்கள்! பீலி உடைந்ததுபோல் சீழும் இரத்தமுமாகப் பீய்ச்சி அடித்தது. டாக்டரையாவின் காற்சட்டை நாசம். "ஐயோ, என்ர காற்சட்டை!" என்று அவர் துள்ளினார். துரை இரண்டடி பின்னால் பாய்ந்தார். நாற்றம் தாங்காமல் முன்வரிசை சிதறி ஓடியது. கருவாடு உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, தலையை நேராக நிமிர்த்தி, எல்லாரையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தது. வாலும் ஆடியது.

முகம்தான் வரவில்லை. துணியில் தேடினேன், நிலத்தில் தேடினேன். "புளுகு மூட்டை!" என்று பிள்ளைகள் தூர நின்று கத்தினார்கள்.

"காயம் சரி. ஆனா எந்த நாய் கடிச்சது?" என்றார் துரை. சிரிப்பு அடங்கியது. "தெரியாட்டி, சட்டம் சட்டம்தான். எல்லாரும் தள்ளிப் போ." இந்தத் தடவை துப்பாக்கியைக் கையில் வாங்கிவிட்டார். மாமா எழுந்து கருவாட்டுக்கு முன்னால் நின்றார். கணக்கப்பிள்ளை அவர் தோளைப் பிடித்து இழுத்தார். நான் அழத் தொடங்கினேன்.

"எங்க நாயிதான் கடிச்சது."

பெண்களுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. லயத்துப் பக்கமே வராத கங்காணியின் மகள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"நீ ஏன்டி இங்க வந்த?" என்றார் கங்காணி, அடித்தொண்டையில்.

அவள் அவரைப் பார்க்கவில்லை, துரையைப் பார்த்துச் சொன்னாள். "வெறிநாயி வாறதுக்கு முன்னாலங்க தொரை. எங்க வீட்டுக்குப் பின்னுக்கு, ஓடக்கரையில. பொழுது சாஞ்சிருந்துச்சு. ரெண்டும் கட்டிப் பொரண்டுச்சுங்க. எங்க நாயி நல்லாத்தான் இருக்கு, ஆளனுப்பிப் பாத்துக்குங்க."

"நீ உன் கண்ணால பார்த்தியா?"

"பக்கத்துலதான் நின்னேங்க. நான்தான் வெலக்கி விட்டேன்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

கணக்கப்பிள்ளை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கங்காணி வீட்டு நாய் சோறு தின்றுகொண்டிருந்ததாம். டாக்டரையா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார். துரையின் முகம் மலர்ந்தது. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாய் பொழைச்சுது. கட்டி வை" என்றார். பிறகு கங்காணியின் முதுகில் தட்டி, "உனக்கு நல்ல பிள்ளை கங்காணி. பயப்படாம உண்மை சொல்ற பிள்ளை" என்றார்.

"ஆமாங்க தொரை" என்றார் கங்காணி. தலைப்பாகையைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தில் சந்தோஷமாக இருந்தவர்கள் துரையும் நானும்தான். நான் கருவாட்டைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். மற்றவர்கள் யாரும் நாயைப் பார்க்கவேயில்லை. மாமாவைப் பார்த்தார்கள், அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள், கங்காணி திரும்பும்போது நிலத்தைப் பார்த்தார்கள். "பொழுது சாஞ்ச நேரம் இந்த நாயி தனியாவா அவ்வளவு தூரம் போயிருக்கும்?" என்று பீலியில் சிரித்த அதே பெண் மெதுவாகச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். நாய் பிழைத்த வீட்டில் இது என்ன அபசகுனம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் மாமாவின் பெயரைக் கூப்பிடவில்லை. மத்தியானம் கணக்கப்பிள்ளை வந்து ஒரு பற்றுச்சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அது கையில் இருந்தால் வேறு தோட்டத்தில் வேலை கேட்கலாம், இந்தத் தோட்டத்தில் நிற்க முடியாது. கங்காணி வீட்டுக் கதவு அடைத்தே கிடந்தது. அந்த அக்காவைக் காலையிலேயே வண்டி வைத்துப் புசல்லாவைக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும், கலியாணத்துக்குத் தைவரை பொறுக்கப்போவதில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். சீக்கிரம் கலியாணச் சாப்பாடு என்று நான் கணக்குப் போட்டேன்.

மாமா பாயைச் சுருட்டினார். கவ்வாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றினார். அம்பிட்டிய வழியாக நடந்தே கண்டிக்குப் போவதாகச் சொன்னார். கண்டி! தெப்பக்குளம் போலப் பெரிய வாவியும், மின்சார விளக்கும், பெரஹரா ஊர்வலத்து யானைகளும் உள்ள கண்டி. நான் அதுவரை பார்த்ததில்லை. என்னையும் கூட்டிப் போகச் சொல்லி அவர் காலைக் கட்டிக்கொண்டேன். அவர் என் தலையில் கை வைத்து, "அம்மாவப் பாத்துக்கடா" என்றார். பார்த்துக்கொள்வதற்கு அம்மா என்ன குழந்தையா?

நாய்க்குப் பத்துப் போட்டுக் காவலிருந்தது நான். துரைக்கு முன்னால் பாய்ந்து பொறுக்கச் சொன்னது நான். மாமா செய்தது என்ன, தெரியாது தெரியாது என்று நின்றதுதான். அப்படியிருக்க, கண்டிக்குப் போகிற யோகம் மட்டும் மாமாவுக்கா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று முழுவதும் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவும் என்னோடு பேசவில்லை. என் கோபத்தின் நியாயம் அவளுக்கு விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.